'டேபிள்' பண்ணச் சொன்னால் எடுப்பதா, ஒத்திப்போடுவதா?

'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று எந்த அலுவலகத்திலும் யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த ஆங்கில மரபுத்தொடர்களில் முக்கால்வாசி இந்த ரகம்தான். பரீட்சை முடிந்த அன்றே அவற்றின் வேலையும் முடிந்தது. ஓ.எம்.ஆர். சாலையிலோ கோவை சரவணம்பட்டியிலோ ஒரு கம்பெனியில் சேர்ந்து, முதல் வாரமே வெளிநாட்டு கிளையன்ட் அழைப்பில் உட்காரும் இளைஞருக்குத் தடுமாற்றம் வருவது வேறு இடத்தில். 'டேபிள்', 'பார்க்', 'லூப்', 'புஷ் பேக்', 'லெட் கோ'. எல்லாமே எட்டாம் வகுப்புக்குள் தெரிந்துவிட்ட சொற்கள். தெரியாத சொல் காதில் விழுந்தால் யாரிடமாவது கேட்டுவிடுவோம். தெரிந்த சொற்களாலேயே ஆன வாக்கியத்தைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்பதில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அலுவலகத்தில் இந்தத் தொடர்கள் அழகுக்காக வருவது குறைவு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வேலை ஒளிந்திருக்கும்: யாரோ எதையோ ஒரு தேதிக்குள் செய்ய வேண்டும், அல்லது இனிச் செய்ய வேண்டாம். எனவே 'இதற்கு என்ன அர்த்தம்' என்று தேடுவதைவிட, 'இதைக் கேட்டபின் நான் என்ன செய்ய வேண்டும்' என்று தேடுவது வேகமாகப் பலன் தரும். ஐந்நூறு தொடர், ஆயிரம் தொடர் என்று விற்கும் புத்தகங்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அவற்றில் பாதியை ஆங்கிலேயர்களே தாத்தா காலத்தோடு விட்டுவிட்டார்கள்.

அட்லான்டிக்கின் இரு கரைகள்

இரண்டாம் உலகப் போர்ச் சமயம். பிரிட்டிஷ் தளபதிகளும் அமெரிக்கத் தளபதிகளும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள். ஒரு குறிப்பை அவசரமாகப் பேச வேண்டும், அதை 'டேபிள்' செய்யலாம் என்கிறது பிரிட்டிஷ் தரப்பு. கூடவே கூடாது, இது முக்கியமான விஷயம் என்று அமெரிக்கத் தரப்பு முட்டுக்கட்டை போடுகிறது. வாக்குவாதம் நீண்டு சூடேறிய பிறகுதான் தெரிந்தது, இருவரும் கேட்டது ஒன்றையே என்று. பிரிட்டனில் 'டேபிள்' செய்வதென்றால் விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு இப்போதைக்கு ஒத்திப்போடுவது என்று பொருள். சர்ச்சில் தன் போர் வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

நமக்குப் பழகியது பிரிட்டிஷ் பொருள். நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா 'டேபிள்' ஆனது என்று ஆங்கில நாளிதழ் எழுதினால் தாக்கலாகிவிட்டது என்று புரிந்துகொள்கிறோம். அந்த நினைப்பிலேயே, அமெரிக்க கிளையன்ட் 'லெட்ஸ் டேபிள் தட்' என்றதும் ராத்திரி முழுக்க விழித்து அறிக்கை தயாரித்து அனுப்பினால், காலையில் அவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

'புஷ் பேக்' இன்னொரு கண்ணி. 'தி மீட்டிங் இஸ் புஷ்டு பேக்' என்றால் கூட்டம் தள்ளிப்போகிறது. 'ஃபீல் ஃப்ரீ டு புஷ் பேக்' என்றால் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் தாராளமாக மறுத்துச் சொல்லுங்கள் என்று அழைக்கிறார். 'வி காட் சம் புஷ்பேக் ஃப்ரம் ஃபைனான்ஸ்' என்றால் நிதித்துறை முரண்டு பிடிக்கிறது. கூட்டத்தை முன்கூட்டியே வைப்பதற்கு பிரிட்டனில் 'பிரிங் ஃபார்வர்ட்' என்பார்கள், அமெரிக்காவில் 'மூவ் அப்'. நம் 'ப்ரீபோன்' இந்தியாவுக்கு வெளியே பலருக்கும் தெரியாது.

நேரம் சொல்லும் தொடர்களில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே பிசகினால் தூக்கம் போகும். லண்டன்காரர் 'ஹாஃப் டென்' என்றால் பத்தரை மணி. 'பை-வீக்லி' என்பது வாரம் இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா என்று அகராதிகளே இரண்டையும் போட்டுவிட்டுக் கையை விரிக்கின்றன. 'ஃபோர்ட்நைட்' நமக்கு எளிது. அமெரிக்கர் பலருக்கு அது பிள்ளைகள் ஆடும் வீடியோ கேம். 'எண்ட் ஆஃப் டே' என்று நியூயார்க்கில் இருப்பவர் சொன்னால், அவருடைய மாலை ஐந்து மணி நமக்குக் கோடையில் அதிகாலை இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. 04/05 என்று எழுதினால் அவருக்கு ஏப்ரல் 5, லண்டனுக்கு மே 4. இதற்கெல்லாம் ஒரே மருந்து: பதில் எழுதும்போது கிழமை, மாதத்தின் பெயர், மணி, எந்த ஊர் நேரம் என்ற நான்கையும் போட்டுவிடுங்கள். அதைப் படித்து யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மைதானத்திலிருந்து வந்தவை

அமெரிக்க அலுவலகப் பேச்சில் பாதி பேஸ்பால். அந்த விளையாட்டை ஒரு தடவைகூடப் பார்க்காமலே அதன் மொழியில் வேலை பார்க்க வேண்டிய நிலைமை நமக்கு. 'டச் பேஸ்' என்றால் சுருக்கமாகப் பேசிக்கொள்வது. நிகழ்ச்சி நிரல் வேண்டாம், பத்து நிமிடம் போதும். 'கர்வ்பால்' என்றால் எதிர்பாராத சிக்கல். 'அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்' என்றால் சம்பந்தா சம்பந்தமில்லாமல் திடீரென்று வந்தது. 'ரெயின் செக்' என்பது மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வருவதற்குக் கொடுத்த சீட்டு. நீங்கள் அழைத்த விருந்துக்கு ஒருவர் 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்றால் இன்றைக்கு வரவில்லை என்று பொருள். மறுபடி அழைப்பதா வேண்டாமா என்பது அவர் முகத்தைப் பார்த்து நீங்கள் எடுக்கும் முடிவு.

இவற்றில் காசு சம்பந்தப்பட்டது 'பால்பார்க் ஃபிகர்'. தோராயமாக ஒரு தொகை, தோராயமாக இத்தனை நாள். கேட்பவர் சாதாரணமாகத்தான் கேட்பார், 'ஜஸ்ட் எ பால்பார்க்' என்று சிரித்துக்கொண்டே. நீங்கள் 'ஆறு வாரம்' என்று வாய்விட்டால் அது அவருடைய எக்செல் தாளில் ஏறிவிடும். ஏறியபின் அது தோராயம் இல்லை, உங்கள் வாக்கு. அதனால் ஒற்றை எண் சொல்லாதீர்கள். ஆறிலிருந்து ஒன்பது வாரம் என்று வரம்பாகச் சொல்லி, எந்தெந்த விஷயம் உறுதியானால் இந்தக் கணக்கு நிற்கும் என்று அன்றைக்கே ஒரு வரி மின்னஞ்சல் போட்டு வையுங்கள். கல்யாணச் சமையல்காரர் எத்தனை பேர், எத்தனை வேளை என்று கேட்காமல் தொகை சொல்வதில்லையே.

'ஹெயில் மேரி' அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்தது. 1975 டிசம்பர் 28 அன்று டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் ரோஜர் ஸ்டாபாக் ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு நீண்ட பந்தை எறிந்தார், அது பலித்தது. கண்ணை மூடிக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' செபத்தைச் சொன்னதாக அவர் பிறகு சொன்னார். தொடர் நாடெங்கும் பரவியது. உங்கள் திட்டத்தைப் பார்த்து மேலாளர் 'திஸ் இஸ் எ பிட் ஆஃப் எ ஹெயில் மேரி' என்றால் உங்கள் பக்தியை மெச்சவில்லை. வேறு வழியில்லாத கடைசி நிமிட முயற்சி, பலித்தால் அதிர்ஷ்டம் என்கிறார்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம் போனால் கிரிக்கெட். நமக்கு அது சொந்த ஊர் என்பதால் இங்கே ஏமாறுவது இன்னும் எளிது. 'நாக்டு ஃபார் சிக்ஸ்' என்று கேட்டதும் சேப்பாக்கத்துக்காரருக்கு உடம்பு சிலிர்க்கும். ஆங்கிலத் தொடரோ பந்து வீசியவர் பக்கம் நின்று பேசுகிறது: நிலைகுலைந்து போனார் என்று பொருள். அந்தச் செய்தியைக் கேட்டு 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்று அனுப்பிவிடாதீர்கள். 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் இக்கட்டான நிலைமை. ஆடுகளத்தை மூடும் வழக்கம் வராத காலத்தில் மழையில் நனைந்த களம் வெயிலில் காயும்போது பந்து எகிறிக் குதித்ததிலிருந்து வந்தது. 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே செய்தார். அது பாராட்டா புகாரா என்பது அடுத்த வாக்கியத்தில் தெரியும். 'பை க்ளோஸ் ஆஃப் ப்ளே' என்றால் இன்று அலுவலகம் முடிவதற்குள். லண்டன் மாலை ஐந்து மணி நமக்குக் கோடையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. ஒப்பந்தங்களைக் கையாளும் பின்னணிப் பணியில் இருப்பவர்கள் 'லாங்ஸ்டாப் டேட்' என்பதைப் பார்த்திருப்பார்கள். விக்கெட் கீப்பரும் விட்ட பந்தைப் பிடிக்க அவருக்குப் பின்னால் நின்ற பழைய காலத்து ஃபீல்டர்தான் லாங்ஸ்டாப். அந்தத் தேதிக்குள் வேலை முடியாவிட்டால் ஒரு தரப்பு ஒப்பந்தத்தை விட்டு விலகலாம். ஆவணத்தில் அதைக் கண்டால் உடனே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

'கொஞ்சம்' என்று சொன்னால் கொஞ்சமில்லை

1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றங்கரையில் குளஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படைகள் பெரும் எண்ணிக்கையில் சூழ்ந்துகொண்டன. பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி' என்று தெரிவித்ததாகவும், கொஞ்சம் சிரமம்தான், சமாளித்துக்கொள்வார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டதாகவும் ராணுவ வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை உண்டு. பிரிட்டிஷ் காதுக்கு அதன் பொருள், நாங்கள் அழிந்துகொண்டிருக்கிறோம் என்பது. அந்தப் படைப்பிரிவில் நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள்.

அலுவலகத்தில் உயிர் போகாது. ஆனால் கணக்கு அதேதான். பிரிட்டிஷ் கிளையன்ட் 'ஸ்லைட்லி டிஸப்பாயிண்டட்' என்று எழுதினால் அன்றைக்கே மேலாளரிடம் கொண்டு போங்கள். 'நாட் ஐடியல்' என்றால் இது நடந்திருக்கவே கூடாது. 'வித் ரெஸ்பெக்ட்' என்று தொடங்கினால் அடுத்து வருவதில் மரியாதையைத் தேடாதீர்கள். 'குவைட் குட்' என்று அமெரிக்கர் சொன்னால் நன்றாகவே இருக்கிறது. ஆங்கிலேயர் சொன்னால் பரவாயில்லை, அவ்வளவுதான். 'பெர்ஹாப்ஸ் யூ குட் கன்சிடர்' என்பது அவர்கள் ஊரில் உத்தரவு. விருப்பப்பட்டால் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டால் அடுத்த வாரம் முகம் மாறியிருக்கும்.

நாம் இதில் குறைந்தவர்கள் இல்லை. 'பார்க்கலாம்' என்பதற்கு எத்தனை அர்த்தம் என்று எந்தத் தமிழருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தக் காதை அப்படியே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனால் போதும்: யார், யாரிடம், எந்தக் குரலில் சொன்னார்?

மீட்டிங்கில் அன்றாடம் காதில் விழுபவை

'லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்' என்றால் இந்தக் கூட்டத்தில் வேண்டாம், பிறகு தனியாகப் பேசுவோம். சில நேரம், இத்தனை பேர் முன்னால் இதைக் கிளறாதே என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. சர்வர்களை நிர்வகிக்கும் குழுவில் இருப்பவர்கள் மட்டும் இரண்டாம் தடவை கேட்டு உறுதி செய்யுங்கள், அங்கே 'ஆஃப்லைன்' என்பது நேரடிப் பொருளிலும் வரும். 'சர்க்கிள் பேக்' என்றால் இதைப் பிறகு மறுபடி எடுப்போம். எடுப்பது யார் என்று சொல்லாமல் விட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். 'லூப் ஹர் இன்' என்றால் அந்த அம்மாவையும் மின்னஞ்சலில் சேர். 'ரன் இட் பை லீகல்' என்றால் சட்டத்துறையின் கருத்தைக் கேட்காமல் மேலே போகாதே. 'சைன் ஆஃப்' என்றால் இன்றைக்கு வேலையை முடித்துக் கிளம்புகிறேன். 'சைன் ஆஃப் ஆன்' என்றால் ஒப்புதல் தருகிறேன். ஒரு சின்ன 'ஆன்' தான், அதன் மேல் பில்லே நிற்கிறது.

'லோ ஹேங்கிங் ஃப்ரூட்', 'மூவ் தி நீடில்', 'பாயில் தி ஓஷன்' மூன்றும் எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதைப் பற்றியவை. எளிதில் முடிவதை முதலில் முடி, கண்ணுக்குத் தெரியும் மாற்றம் தருவதைச் செய், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. 'ஐ டோன்ட் ஹேவ் தி பேண்ட்வித்' என்பது முடியாது என்பதன் நாகரிகமான வடிவம்.

ஒருவர் 'லெட் மீ ப்ளே டெவில்ஸ் அட்வகேட்' என்று உங்கள் திட்டத்தைக் கிழிக்க ஆரம்பித்தால் மனம் நோக வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும் முன் அதற்கு எதிராக வாதாட 1587-ல் ஒரு பதவியே உருவாக்கப்பட்டது. எதிர்த்துப் பேசுவதுதான் அவருடைய வேலை, பகை இல்லை. அதேபோல் 'பேக் டு தி டிராயிங் போர்டு' என்றால் திட்டுகிறார்கள் என்று ஒடுங்கிவிட வேண்டாம். 1941 மார்ச் 1 'நியூயார்க்கர்' இதழில் பீட்டர் ஆர்னோ வரைந்த கேலிச்சித்திரத்தில் விமானம் நொறுங்கிக் கிடக்கிறது, அதை வடிவமைத்தவர் வரைபடச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாவகாசமாகத் திரும்பி நடக்கிறார். அந்தத் தொனியில்தான் இன்றும் சொல்கிறார்கள்.

புரியாதபோது என்ன செய்வது? இருபது பேர் இருக்கும் அழைப்பில் கையைத் தூக்கக் கூச்சமாக இருக்கும், அது இயல்பு. தொடரின் பொருளைக் கேட்க வேண்டியதில்லை, வேலையைக் கேளுங்கள். 'ஜஸ்ட் டு கன்ஃபர்ம், ஐ வில் செண்ட் தி எஸ்டிமேட் பை தர்ஸ்டே, லண்டன் டைம். இஸ் தட் ரைட்?' இவ்வளவுதான். நீங்கள் புரிந்துகொண்டது சரியென்றால் பொறுப்பானவர் என்று பெயர், தப்பென்றால் அங்கேயே திருத்திவிடுவார்கள். அதற்கும் தயக்கமென்றால் அழைப்பு ஓடும்போதே சாட்டில் சீனியரைப் பிடியுங்கள்:

"அக்கா, 'பார்க் தட்'னு சொன்னாரே, அப்போ இந்த ஸ்பிரிண்ட்ல வேணாமா?"

"இப்ப வேணாம்பா. ஆனா ரெண்டு மாசம் கழிச்சு அவரே கேப்பாரு. தேதி போட்டு எழுதி வை."

அந்த அக்கா சொன்ன கடைசி வரிதான் உண்மையான பயிற்சி. தொடரை மட்டும் குறிக்காமல், யார் யாரிடம் சொன்னார், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். பின்னால் நடந்ததுதான் பொருளைக் காட்டிக்கொடுக்கும். அகராதி பார்ப்பதென்றால் கேம்பிரிட்ஜ், லாங்மேன் போன்று கற்பவர்களுக்கென்றே செய்தவற்றைப் பாருங்கள். பிரிட்டிஷ் வழக்கா அமெரிக்க வழக்கா, பேச்சு வழக்கா என்று அவை குறித்திருக்கும்.

நீங்களும் இவற்றைப் பேச வேண்டுமா? அவசியமே இல்லை. பிரிட்டன் அரசின் இணையதள எழுத்து விதிகளில் தவிர்க்க வேண்டிய சொற்கள் என்றே ஒரு பட்டியல் இருக்கிறது; 'லெவரேஜ்', 'கோயிங் ஃபார்வர்ட்' எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்காவில் அரசுத் துறைகள் எளிய மொழியில் எழுத வேண்டும் என்று 2010-ல் சட்டமே போட்டார்கள். சொந்த மொழிக்காரர்களே சலித்துக்கொள்ளும் சரக்கை நாம் சுமக்க என்ன இருக்கிறது? ஒரு தொடர் நாலைந்து வாயிலிருந்து கேட்டுப் பழகிய பிறகு தானாக வந்தால் வரட்டும். ஒப்பந்தத்திலும் பிழை அறிக்கையிலும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நம் ஆங்கிலம் அவர்கள் காதில்

இது எதிர்த்திசைப் பயணம், இதைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று நாம் சந்தேகம் கேட்கிறோம். அவருக்கு 'உங்களை நம்பவில்லை' என்று கேட்கிறது. 'கொஸ்டின்' என்று சொல்லிவிடலாம். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்றால் அந்த ஆண்டு மயங்கி விழுந்தீர்கள் என்று பொருள், 'கிராஜுவேட்டட்' போதும். அலுவலகத்தின் 'பேக்சைடு' பற்றிப் பேசவே வேண்டாம், உடம்பின் பின்பக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' வெள்ளைக்காரன் விட்டுப்போனது, அவர்களே மறந்துவிட்டார்கள். 'டூ தி நீட்ஃபுல்' புரியும், ஆனால் எது 'நீட்ஃபுல்' என்று அவர் விழிப்பார்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது 'ப்ளீஸ் ரிவர்ட்'. நமக்கு அது பதில் போடுங்கள். மென்பொருள் எழுதுபவருக்கு, செய்த மாற்றத்தைப் பழைய நிலைக்கே திருப்புங்கள். கிட் மென்பொருளில் அந்தப் பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸுக்கு முன் இந்த இரண்டு சொல்லை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனால், திங்கட்கிழமை உங்கள் கோட் அங்கே இல்லாமல் போகவும் கூடும்.

வரலாறு கனக்கும் சில சொற்களும் உண்டு. நாம் தினமும் சொல்லும் 'டெட்லைன்', 1864-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆண்டர்சன்வில் கைதிகள் முகாமில் உண்மையான ஒரு கோடு. தாண்டினால் காவலர் சுடுவார். அந்தப் பொருள் மறைந்துவிட்டது, கவலையில்லை. 'கிராண்ட்ஃபாதர்டு' வேறு மாதிரி. பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பழைய விலையே தொடரும் என்பதற்கு இன்று சொல்கிறார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் ஓட்டைப் பறிக்க, தாத்தாவுக்கு ஓட்டு இருந்தால் பேரனுக்கு எழுத்தறிவுத் தேர்வு இல்லை என்று வைத்த விதியிலிருந்து வந்தது அது. உச்ச நீதிமன்றம் அதை 1915-ல் செல்லாது என்றது. 'லெகஸி' என்று சொன்னாலே வேலை நடக்கும். நமக்கு மிக நெருக்கமானது 'பரையா'. ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கில நாளிதழ்கள் கூச்சமில்லாமல் எழுதுகின்றன. நம் மண்ணில் ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து, ஒதுக்கப்பட்டதையே அதன் பொருளாக்கிய சொல். கிளையன்ட் சொன்னால் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். குழுவில் யாராவது சொன்னால் தனியாக அழைத்து விளக்குவது நல்லது.

நேர்காணல், பிறகு கடைசி நாள்

'வாக் மீ த்ரூ யுவர் ரெஸ்யூமே' என்றால் தாளை வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. எந்த வேலையிலிருந்து எந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று இரண்டு நிமிடத்தில் கோவையாகச் சொல்ல வேண்டும். 'வாட் டூ யூ பிரிங் டு தி டேபிள்?' என்றால் உங்களால் எங்களுக்கு என்ன லாபம். இதற்குக் குணத்தைச் சொல்லாதீர்கள், முடித்த வேலை ஒன்றைச் சொல்லுங்கள். 'ஹிட் தி கிரவுண்ட் ரன்னிங்' என்றால் பயிற்சி தர நேரமில்லை, வந்த அன்றே வேலை. 'யூ வில் வேர் மெனி ஹேட்ஸ்' என்றால் ஆள் குறைவு, மூன்று பேர் வேலை உங்கள் தலையில். ஒத்துக்கொள்வது உங்கள் விருப்பம், ஆனால் வேலை நேரத்தையும் யாருக்குக் கீழே வேலை என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 'வி வில் கீப் யுவர் ரெஸ்யூமே ஆன் ஃபைல்' என்றால், பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்பார்களே, அதுதான். அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் போடுங்கள்.

வேலையை விட்டு அனுப்பும்போதுதான் ஆங்கிலம் உச்சக்கட்ட மென்மைக்குப் போகிறது. 'வி ஹேவ் டு லெட் யூ கோ' என்றால் இன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று பொருளில்லை. 'யுவர் ரோல் ஹேஸ் பீன் இம்பாக்டட்', 'வி ஆர் பார்ட்டிங் வேஸ்', பிரிட்டனில் 'மேட் ரிடண்டன்ட்', அமெரிக்காவில் 'பிங்க் ஸ்லிப்': எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்பவை. 'கார்டன் லீவ்' மட்டும் கொஞ்சம் வேறு. நோட்டீஸ் காலம் முழுக்கச் சம்பளம் உண்டு, அலுவலகம் வர வேண்டாம், ஆனால் அதுவரை வேறு கம்பெனியிலும் சேரக் கூடாது.

இந்த வகைத் தொடர் ஒன்று காதில் விழுந்தால், அந்த அறையிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ராஜினாமா கடிதம் நீங்களே கொடுத்ததாக இருக்கட்டும் என்பார்கள். படித்துப் பார்க்க ஒருநாள் அவகாசம் கேளுங்கள். இது என்னுடைய ராஜினாமாவா, நீங்கள் எடுக்கும் முடிவா என்று நேராகவே கேளுங்கள். கடைசி வேலை நாள் எது, நோட்டீஸ் காலச் சம்பளம் எவ்வளவு, ஃபுல் அண்ட் ஃபைனல் எப்போது கைக்கு வரும், ரிலீவிங் லெட்டரில் என்ன எழுதுவார்கள், மருத்துவக் காப்பீடு எந்தத் தேதிவரை. இவை அனைத்துக்கும் பதிலை உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள், கம்பெனி முகவரி அன்று மாலையே முடங்கிவிடலாம்.